நூற்றுப் பன்னிரண்டாவது கேசட்

செய்யாத காரியத்துக்கு ஒரு மனுஷன் எத்தனை வருஷம் பேச்சு வாங்கலாம்? எலக்ட்ரீஷியன் இருபத்திரண்டு வருஷம் வாங்கினார். அதுவும் வெளி ஆளிடம் இல்லை, சொந்த அக்கா புருஷனிடம். திருடன் என்று வாய் விட்டுச் சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். மாமா அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. இவர் அக்கா வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமா நாற்காலியை விட்டு எழுந்து போவார். ஹாலில் நிற்கும் இரும்பு பீரோவின் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பூட்டித்தான் இருக்கும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "வா மாப்ளே, உக்காரு" என்பார். அந்த ஒரு இழுப்பு போதும். அதற்கப்புறம் அக்கா கொடுக்கிற டீ அப்படியே ஆறி ஆடை கட்டிவிடும்.

பீரோவுக்குள் நகையா, பத்திரமா? ஒன்றும் கிடையாது. அத்தனையும் வீடியோ கேசட்.

மாமா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிற வேலை. முப்பத்து நாலு வருஷம் அதே அறை, அதே ஸ்டூல், அதே நாற்றம். அங்கே அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர். கை அவ்வளவு மெது. முகம் மட்டும் கருங்கல். கட்டுப் பிரிக்கும்போது வலிக்குமோ என்று பயந்து வருகிறவன் அவர் மூஞ்சியைப் பார்த்து இன்னும் பயப்படுவான், அதற்குள் கட்டு பிரிந்திருக்கும். பிளாஸ்திரி வெட்டினால் சதுரமாக ஒட்ட மாட்டார். வளைந்த கத்திரியால் நாலு மூலையையும் வட்டமாக நறுக்கிவிட்டுத்தான் ஒட்டுவார். "மூலை இருந்தா தூக்கும். தூக்கினா அழுக்கு ஏறும். அழுக்கு ஏறினா அவன் திரும்ப எங்கிட்டதான் வந்து நிப்பான்" என்பார். வீட்டிலும் அப்படித்தான். சுவரில் பஸ் நேரம் எழுதி ஒட்டினாலும் மூலை வட்டம், அக்காவின் மிளகாய்த்தூள் டப்பாவில் லேபிள் ஒட்டினாலும் மூலை வட்டம்.

இந்தக் கருங்கல் மூஞ்சி மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம் டிவியில் வந்த ஒரு சிரிப்பு நிகழ்ச்சி. வருஷத்துக்கு ஒரு பன்னிரண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு வரும். அதனால் 'ஏழரைக் கூட்டம்' என்று பெயர். ஏழெட்டுப் பேர் கொண்ட கோஷ்டி, அரை மணி நேரத்துக்குள் நாலைந்து குட்டி நாடகம். கவுண்டர் ஜன்னலைச் சாத்துவதற்கென்றே வேலைக்கு வருகிற குமாஸ்தா வருவான். தங்கள் ஜீப்பையே தொலைத்துவிட்டு அதை நடந்தே தேடுகிற இரண்டு போலீஸ்காரர்கள் வருவார்கள். இருபத்தேழு வருஷம் ஓடியது அந்த நிகழ்ச்சி. மாமா ஒரு வாரம் விட்டதில்லை. கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கவே கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம், கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குத்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

பார்க்கிற விதம்தான் வேடிக்கை. மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா, எதிரே சுவர்க் கடிகாரம். எந்த நாடகம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, யார் யார் வந்தார்கள், எல்லாம் குறித்துக்கொள்வார். சிரிக்க மாட்டார். பல்லைக்கூடக் காட்ட மாட்டார்.

"சிரிப்புப் படத்தை யாராவது இப்படிப் பாப்பாங்களா? கொலைக் கேசை விசாரிக்கிற மாதிரி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"சிரிச்சா அடுத்த வரி காதுல விழாது" என்பார் மாமா.

அவருக்கு எதிலும் சந்தேகம். புது ஆள் நடிக்க வந்தால், பழைய ஆளை யாரோ கவிழ்த்துவிட்டார்கள் என்பார். படம் ஆடினால், மாடிவீட்டுக்காரன் வேண்டுமென்றே ஆண்டெனாவைத் திருப்பினான் என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. நிகழ்ச்சியில் ஜனங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதில் ஒரு பொம்பளை விக்கல் எடுக்கிற மாதிரி சிரிப்பாள். "போன வாரமும் இதே சிரிப்பு. போன வருஷமும் இதே. எவளையோ ஒரு தடவை சிரிக்க வச்சுப் பதிவு பண்ணிட்டு, வாராவாரம் அதையே ஒட்டறானுங்க. நம்மள ஏமாத்தறானுங்க மாப்ளே." இதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கும். தான் உயிரை விட்டுப் பார்க்கிற நிகழ்ச்சியின் சிரிப்பு பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று டிவி நிலையத்துக்கு எழுதிப் போட்டார். நாலாவது கடிதத்துக்கு, பார்வையாளராக வந்து உட்கார ஒரு ஆளுக்கு மட்டும் பாஸ் வந்தது. போனார். மறுநாள் திரும்பினார். அன்றைக்கு எலக்ட்ரீஷியனும் அக்கா வீட்டில் இருந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பக்கத்து சீட்டுக்காரன் என்னைப் பிடிச்சுக்கிட்டான்னா பாத்துக்கயேன்! கேமராகூட என் பக்கம் திரும்புச்சு."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மாமா சமையலறைப் பக்கம் போனதும் தம்பியிடம் கிசுகிசுத்தாள். "கல்யாணமாகி ஒன்பது வருஷம்டா. இந்த மனுஷன் சிரிச்சு ஒரு நாள் நான் பாத்ததில்ல. டிவில வரட்டும், அந்த மூஞ்சி சிரிச்சா எப்படி இருக்கும்னு கண்ணால பாத்துடறேன்."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். எடுத்ததை எந்த வாரம் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆறாவது வாரம் போட்டார்கள். அது நூற்றுப் பன்னிரண்டாவது நிகழ்ச்சி. அந்த வாரம் பார்த்து எலக்ட்ரீஷியன் மனைவிக்குப் பிரசவம், அக்கா பத்து நாள் டிவி இல்லாத தம்பி வீட்டில். மாமா மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தார், கேசட்டிலும் பதிவு செய்தார்.

அக்கா வீடு திரும்பிய அன்றைக்குச் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "வந்துச்சாமே! போடுங்க, போடுங்க." கூடவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த எலக்ட்ரீஷியனும் நின்றார். மாமா கேசட்டைச் சொருகினார். திரையில் யார் யாரோ பந்தை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். அரை மணி நேரமும் பந்தாட்டம்தான்.

இந்த இடத்தில் கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். பதிவு செய்த பிறகு அதை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. ஆனால் உடைந்த ஓட்டையின் மேல் ஏதாவது ஒட்டி மூடிவிட்டால் முடியும். மாமா ஒவ்வொரு கேசட்டுக்கும் அன்றன்றைக்கே பல்லை உடைத்துவிடுகிறவர். நூற்றுப் பன்னிரண்டையும் உடைத்திருந்தார். அந்த ஓட்டையை இப்போது யாரோ ஒட்டி மூடியிருந்தார்கள். ஒட்டியிருந்தது என்ன? வயர் சுற்றுகிற கறுப்பு டேப்.

மாமா கேசட்டை வெளியே எடுத்து, கோர்ட்டில் கத்தியைக் காட்டுகிற மாதிரி தூக்கிக் காட்டினார். "கறுப்பு டேப்பு யாருகிட்ட இருக்கும்? பந்தாட்டம் யாரு பாப்பா? நான் ட்யூட்டில இருந்தப்ப உங்கக்கா துணி எடுக்கணும்னு சாவி வாங்கிட்டு வந்தது யாரு?"

மூன்றுக்கும் பதில் எலக்ட்ரீஷியன்தான். அதுதான் கொடுமை. அவர் போகிற வீட்டிலெல்லாம் பாதி டேப் சுருளை மறந்து வைத்துவிட்டு வருகிறவர். பந்தாட்டம் என்றால் உயிர். அன்றைக்குத் துணி எடுக்க வந்தவர் அரை மணி நேரம் அந்த ஹாலில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததும் உண்மை. ஆனால் அவர் கேசட்டைத் தொடவில்லை.

"நான் தொடவே இல்ல மாமா! எம் புள்ள மேல சத்தியம்."

"பொறந்து பத்து நாள் ஆன புள்ள மேல சத்தியம் பண்றான் பாரு" என்றார் மாமா.

அக்கா போய் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தாள். அது சண்டையைவிட மோசமாக இருந்தது. அந்தக் கேசட்டை ஒரு காகித உறையில் போட்டு, நூல் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார் மாமா. அதற்கப்புறம் எலக்ட்ரீஷியன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

சந்தேகம் என்பது கரையான் மாதிரி, சும்மா இருக்காது. சில நாள் எலக்ட்ரீஷியனுக்கே தன் மேல் சந்தேகம் வரும். ஆட்டத்தைப் பார்க்கிற மும்முரத்தில் எந்தப் பட்டனையாவது அழுத்தியிருப்போமோ? ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டும்போதுகூட யோசிப்பார். அழுத்தியிருந்தாலும் அந்த டேப்பை யார் ஒட்டினது? அங்கே வந்து புத்தி முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

வருஷங்கள் போயின. நிகழ்ச்சி நின்றது. மாமா ரிடையர் ஆனார். ஆஸ்பத்திரி ஆட்கள் யாராவது வழியில் பார்த்துச் சிரித்தால், "எதுக்குச் சிரிக்கிறான்? எதையாவது பாத்துட்டானா?" என்று அக்காவிடம் கேட்பார். என்னத்தைப் பார்த்தான் என்று அவளுக்கும் புரியாது. அப்புறம் நெஞ்சில் கோளாறு. நாலு அடி நடந்தால் மூச்சு இரைத்தது. கட்டிலை ஹாலுக்கே கொண்டுவந்து டிவிக்கு எதிரே போட்டார்கள். கட்டிலிலிருந்து எழுந்து போய்ப் பீரோவை இழுத்துப் பார்க்க முடியாததால், எலக்ட்ரீஷியன் வந்ததும் கண்ணால் மட்டும் பீரோவைப் பார்த்துக்கொள்வார்.

இந்த ஆள் இந்தச் சந்தேகத்தோடேயே போய்விட்டால் தன் பெயர் அப்படியே நின்றுவிடுமே என்று எலக்ட்ரீஷியனுக்கு அடித்துக்கொண்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடிதம் எழுதினார், டிவி நிலையத்துக்கு. 'ஐயா, உங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் நிகழ்ச்சி எங்கள் வீட்டில் அழிந்துவிட்டது. நான் அழிக்கவில்லை. ஒரு பிரதி கொடுத்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும்.' பதில் வந்தது. பிரதி தர வழியில்லையாம். ஆனால் பழைய நிகழ்ச்சிகளைச் சனிக்கிழமை நாலு மணிக்கு மறுபடி போடுகிறார்களாம், நூற்றுப் பன்னிரண்டு வருகிற சனிக்கிழமையாம்.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! என்னங்க, கேட்டீங்களா? சனிக்கிழமைங்க!"

மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"உன்னை யாரு எழுதச் சொன்னா?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான். எலக்ட்ரீஷியன் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அது காலில் முள் மாதிரி குத்தியது. போச்சே போச்சே என்று இருபத்திரண்டு வருஷம் அடித்துக்கொண்டவன், கிடைத்துவிட்டது என்றால் துள்ள வேண்டாமா? துள்ளக்கூட வேண்டாம், ஒரு 'அப்படியா' சொல்ல வேண்டாமா? இந்த ஆள் முகம் ஏன் செத்துப்போனது? முதல் தடவையாக, சந்தேகம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பியது.

சனிக்கிழமை மூன்றரைக்கே வந்துவிட்டார். மாமா மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். அக்கா தலை வாரி, முகம் கழுவி, போட்டோ பிடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"டேய் தம்பி, எழுந்ததும் அந்த நோட்டைக் கேப்பாரு. பீரோல இருக்கு, எடுத்து வை. இந்தா சாவி." இருபத்திரண்டு வருஷமாகக் கிடைக்காத சாவியை, கறிவேப்பிலை மாதிரி கையில் போட்டுவிட்டு, அவள் துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

பீரோ திறந்தது. வரிசை வரிசையாகக் கேசட். மேல் தட்டில் நோட்டுகள். ஓரத்தில், நூல் கட்டிய உறை. எலக்ட்ரீஷியன் கட்டிலை ஒரு தடவை பார்த்தார். நூலை அவிழ்த்தார்.

தன் டேப்தான், சந்தேகமில்லை. அந்தக் கம்பெனி டேப்பைத்தான் அவர் அந்தக் காலத்தில் வாங்குவார். ஆனால் வயர்வேலைக்காரன் டேப்பைக் கத்திரியால் வெட்ட மாட்டான். இழுத்து, பல்லால் கடித்துப் பிய்ப்பான், ஓரம் பிசிறாக இருக்கும். இது வெட்டிய டேப். அதுவும் எப்படி வெட்டியது? நகம் அளவுத் துண்டு, நாலு மூலையும் வட்டமாக நறுக்கியிருந்தது. அத்தனை வருஷத்திலும் ஒரு மூலைகூடத் தூக்கவில்லை. அழுக்கு ஏறவில்லை.

எலக்ட்ரீஷியனுக்கு முதலில் கோபம் வரவில்லை. அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"பூட்டுப்பா அதை" என்றது கட்டில்.

மாமா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். எப்போதிலிருந்து பார்க்கிறார் என்று தெரியாது.

"மூலையை ஏன் மாமா வட்டமா வெட்டினீங்க?"

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கை அப்படியே பழகிப்போச்சு."

"எம் மேல பழியைப் போடணும்னே பந்தாட்டத்தைப் புடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லடா. டிவியைப் போட்டேன், அதான் ஓடுச்சு."

"அப்ப டேப்பு? உங்ககிட்டதான் பெட்டி பெட்டியா பிளாஸ்திரி இருந்துச்சே?"

"பிளாஸ்திரி ஒட்டினா நான்னு தெரிஞ்சுடாதா?" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் மாமா? ஆசை ஆசையாப் போய் உக்காந்தீங்க. அதை ஏன் அழிச்சீங்க?"

சுவரைப் பார்த்தபடியே பேசினார். "நான் சிரிக்கலடா. அந்த விக்கல் பொம்பள இருக்காளே, அவ நெசம். எனக்குப் பின் வரிசைல உக்காந்திருந்தா. நெசமாவே அப்படித்தான் சிரிச்சா. யாரும் கையைக் காட்டல, யாரும் சிரிக்கச் சொல்லல. அத்தனை பேரும் தானாச் சிரிச்சாங்க. நான் மட்டும் யாரு பொய்யாச் சிரிக்கிறா, யாரு பொய்யாச் சிரிக்கிறான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். கேமரா அப்பதான் பிடிச்சான். ஊரே சிரிக்குது. நடுவுல நான், பொணத்துக்குக் காவல் இருக்கறவன் மாதிரி."

"அதுக்கா?"

"உங்கக்காகிட்ட வயிறு புண்ணாச் சிரிச்சேன்னு சொல்லிட்டேனே. அவ வேற அதைப் பாக்கணும் பாக்கணும்னு உசுரை விடறா. தன்கூட இருந்து சிரிக்காதவன், அங்க போயும் சிரிக்கலன்னு அவ ஏன் பாக்கணும்? பாத்தா என்ன நினைப்பா, சொல்லு?"

மாடிப்படியில் அக்காவின் காலடி கேட்டது. மாமா சட்டென்று இந்தப் பக்கம் திரும்பி, எலக்ட்ரீஷியனின் மணிக்கட்டைப் பிடித்தார். புண்ணைத் தொடுகிற அதே மெதுவான பிடி.

"பதினோராவது நிமிஷம் முடியறப்ப நான் வருவேன். நாலு செகண்டுதான். பத்தரை நிமிஷத்துக்கே மெயினை இறக்கிடு மாப்ளே."

"இருபத்திரண்டு வருஷமா அழிச்சவன் நானு. இன்னைக்குக் கரண்டைப் புடுங்கினவனும் நானா?"

"ஆமா" என்றார் மாமா. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார்.

நாலு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. அக்கா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். முதல் நாடகத்தில் அவள் கண் ஆட்களைப் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் உட்கார்ந்திருக்கிற ஜனங்களைக் காட்டுவார்களா என்று நுனிக்கு வந்துவிடுவாள். எலக்ட்ரீஷியன் கதவோரம் நின்றுகொண்டு கணக்குப் பார்த்தார். சும்மா நின்றால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். நாலு செகண்டு ஓடினால், அக்கா கேட்பாள், அந்த வட்ட மூலையைக் காட்டலாம், தன் பெயர் வெளுத்துவிடும். நியாயம் அவ்வளவு சுலபமாகக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்ததில்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிஷம். ஒன்பது. மாமா டிவியைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "என்னங்க, இப்பவா? இன்னும் கொஞ்ச நேரத்துலயா?" என்று அவர் போர்வையைப் பிடித்து உலுக்கினாள். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

எலக்ட்ரீஷியன் நடைக்குப் போனார். மெயின் பெட்டி அவர் கையால் மாட்டியதுதான். இறக்கினார்.

"அடப் பாவி! போச்சே! தம்பி, பாருடா!" என்று அக்கா கத்தினாள். அவள் ஓடி வந்தபோது அவர் பெட்டிக்கு முன்னால்தான் நின்றார், மறைப்பதற்கு நேரமில்லை. "நீ என்னடா நோண்டினே? ஏண்டா, இன்னைக்குப் பாத்தா? உன் கை பட்டாலே இப்படித்தானே! அன்னைக்கு அதை அழிச்சே, இன்னைக்கு இதை…" அவர் இல்லாத கோளாறைத் தேடி ஸ்க்ரூவைத் திருகினார்.

அக்கா அங்கேயே நடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி ஓடி ஓடி நின்றது. கடிகாரம் மட்டும் பேட்டரியில் டிக்டிக் என்று போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மாமா ஒன்பது நாள் இருந்தார். தண்ணீர் கேட்டது, ஜன்னலைச் சாத்தச் சொன்னது எல்லாம் அக்காவிடம்தான். எலக்ட்ரீஷியனிடம் அவர் கேட்டது, அன்றைக்கு, அந்தக் காற்றில்லாத ஹாலிலிருந்து கேட்டதுதான் கடைசி.

"மாப்ளே, பதிமூணு ஆயிடுச்சு, போதும், போட்டுவிடு. அடுத்தது குடைக்கடைக்காரன் வருவான். உங்கக்கா அதைப் பாத்ததே இல்ல. அவ சிரிப்பா, சீக்கிரம் போடு."